நண்பனுக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

தமிழ்மொழி மூலம் கல்வி கற்ற எவரும் தமது வாழ்நாளில் ஒரு தடவையேனும் இல்லாத நண்பன் ஒருவனுக்குக் கடிதம் எழுதியிருப்பார். "நீர் அண்மையில் சென்றுவந்த கல்விச் சுற்றுலா பற்றி வெளிநாட்டிலுள்ள உமது நண்பனுக்கு ஒரு கடிதம் எழுதுக" என்பது போன்ற வினாவைக் காணாத வினாத்தாளும் இல்லை, அதற்கு விடை எழுதாத மாணவனும் இல்லை. வலது பக்க மூலையில் முகவரி, அதன்கீழ்த் திகதி, "அன்புள்ள நண்பனுக்கு", பிறகு நலம் விசாரிப்பு, மூன்று பந்திகளில் சுற்றுலா, இறுதியில் "மிகுதி மறுமடலில்", "இப்படிக்கு உமது உயிர் நண்பன்". புள்ளி கிடைத்துவிடும். கடிதம் மட்டும் எழுதப்பட்டிருக்காது.

இவ்வாறு சொல்வது ஆசிரியர்களைக் குறைகூறுவதற்காக அல்ல. பரீட்சை ஒன்றில் அளவிடக்கூடியது வடிவத்தை மட்டுமே. விண்ணப்பக் கடிதத்திலும் உத்தியோகக் கடிதத்திலும் வடிவம் மிகவும் இன்றியமையாதது; அங்கு முகவரியும் திகதியும் பொருள் குறிப்பும் இடம் மாறினால் காரியமே கெட்டுவிடும். ஆனால் நட்புக் கடிதம் வடிவத்தை ஆகக் குறைவாக வேண்டிநிற்கும் எழுத்து. அதையும் அதே அச்சில் வார்த்து எடுத்ததால் நேர்ந்த விளைவு என்னவெனில், பன்னிரண்டு, பதின்மூன்று வருடங்கள் தமிழ் படித்து வெளியேறும் ஒருவருக்குப் பிரதேச செயலாளருக்கு எழுதத் தெரிந்திருக்கிறது. கூடப் படித்தவனுக்கு எழுதத் தெரியவில்லை.

இந்தப் பரீட்சைக் கடிதத்தின் அடிப்படைக் கோளாறு எங்கிருக்கிறது என்று யோசித்தால், அது வாசகரிடம் இருக்கிறது. உறையின்மேல் நண்பனின் பெயர். உண்மையில் வாசிப்பவரோ சிவப்புப் பேனையுடன் அமர்ந்திருக்கும் பரீட்சகர். எழுதுபவனுக்கு இது தெரியும். ஆகவே அவன் நண்பனுக்குச் சொல்ல விரும்புவதைச் சொல்லாமல், பரீட்சகர் கேட்க விரும்புவதைச் சொல்கிறான். சீகிரியாக் குன்றின் உயரமும் ஓவியங்களின் அழகும் கடிதத்தில் வரும். பேருந்தில் வாந்தி எடுத்தவன் வரமாட்டான், காலையில் கட்டிக்கொண்டுபோன புட்டு மதியத்திற்குள் பழுதாகிப்போனதும் வராது. நண்பன் அறிய விரும்புவது அந்த இரண்டையுந்தான்.

நமது எழுத்து மரபில் இன்னொரு குழப்பமும் உண்டு. கடிதம் என்ற பெயரில் நாம் பெருமையுடன் வாசித்தவற்றிற் பல கடிதங்களல்ல, கட்டுரைகள். 1928 இல் நேரு தம் மகளுக்கு எழுதியவை உலக வரலாற்றின் தொடக்கப் பாடங்கள். மு. வரதராசனாரின் "அன்னைக்கு", "தம்பிக்கு", "தங்கைக்கு", "நண்பர்க்கு" ஆகியன அறிவுரைக் கட்டுரைகள். அண்ணாத்துரை தம்பிமாருக்கு எழுதியவை ஒரு கட்சிக்கு எழுதப்பட்டவை. அவற்றின் பெறுமதியை நான் மறுக்கவில்லை. எங்கள் தலைமுறையில் உரைநடை பழகிய பலர் மு.வ.விடமிருந்தே பழகினார்கள். ஆனால் அவற்றை நட்புக் கடிதத்துக்கு மாதிரியாகக் கொண்டவர்கள் நண்பனுக்கு எழுத உட்காரும்போது உபதேசம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஆயிரம் பேர் வாசிப்பதற்கு எழுதப்படும் கடிதம் ஒன்று. ஒருவர் மட்டும் வாசிப்பதற்கு எழுதப்படும் கடிதம் வேறொன்று.

ஒருவருக்கென எழுதப்பட்ட கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தமிழில் முதலில் காட்டியவர் இளங்கோவடிகள் என்றே நான் சொல்வேன். சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு இரண்டு கடிதங்கள் எழுதுகிறாள். வேனிற்காதையில் வரும் முதலாவது மடல் தாழம்பூ இதழில் செம்பஞ்சுக் குழம்பு தோய்த்து எழுதப்பட்டது. வேனிலை இளவரசனாகவும் நிலவை நடுநிலை தவறியதாகவும் உருவகிக்கும் அலங்காரமான மடல் அது. வயந்தமாலை கொண்டுபோய்க் கொடுத்தபோது கோவலன் அதை வாங்கவே மறுத்துவிட்டான். இரண்டாவது ஓலை புறஞ்சேரி இறுத்த காதையில், மதுரைக்குப் போகும் வழியில், கோசிகமாணி என்ற அந்தணன் மூலம் அவன் கைக்கு வருகிறது. அதில் உருவகம் எதுவும் இல்லை. திருந்தாத என் சொற்களை மனங்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, பெற்றோருக்குச் செய்யவேண்டிய பணியையும் விட்டு மனைவியோடு இரவில் வெளியேறும் அளவுக்கு என் பிழை என்னவென்று அறியாமல் தவிக்கிறேன் என்கிறாள். ஒரு சில அடிகள்தாம். கோவலனின் மனம் மாறுகிறது. அவள்மீது குற்றமில்லை என்று உணர்கிறான். அதே ஓலை தன் பெற்றோருக்குத் தான் சொல்ல வேண்டியதையும் சொல்கிறது என்று கண்டு, அதை அவர்களிடமே கொடுக்குமாறு கோசிகமாணியிடம் திருப்பிக் கொடுக்கிறான்.

அழகாக எழுதிய கடிதம் வாசிக்கப்படாமற் திரும்பியது. திருந்தாத சொல்லால் எழுதிய கடிதம் மூன்றாமவருக்கும் பொருந்தியது. எல்லாருக்கும் பொருந்தட்டும் என்று மாதவி அதை எழுதவில்லை. ஒருவனுக்கென்று உண்மையாக எழுதியதனாலேயே அது பிறருக்கும் பொருந்தியது. நமது பரீட்சைக் கடிதமோ எல்லாருக்கும் பொருந்துமாறு எழுதப்பட்டு ஒருவருக்கும் பொருந்தாமற் போகிறது.

கடிதம் மறைந்துபோனதற்குக் கைத்தொலைபேசியும் இணையமுமே காரணம் என்பது பொதுவான கருத்து. உலகின் பிற பாகங்களுக்கு இது சரியாக இருக்கலாம். 1624 முதல் தபால் சேவை நடத்திவந்த டென்மார்க்கில் தேசிய தபால் நிறுவனம் 2025 டிசம்பர் 30 ஆம் திகதியுடன் கடித விநியோகத்தைக் கைவிட்டு, அப்பணி தனியாரிடம் போனது. எங்கள் நாட்டிலும் 2022 ஆகஸ்டில் சாதாரண கடிதத்துக்கான ஆகக் குறைந்த முத்திரைக் கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக ஒரே தடவையில் உயர்ந்தபோது, தனிப்பட்ட கடிதம் எழுதுபவர்களிடமிருந்து பெரிய முணுமுணுப்பு எதுவும் எழவில்லை. எழுதுபவர்கள் இருந்தாலல்லவா முணுமுணுப்பதற்கு?

ஆனால் வடக்கு, கிழக்கில் நட்புக் கடிதத்தின் உயிர் அதற்கு முன்னரே போய்விட்டது என்பது என் அபிப்பிராயம். அதைக் கொன்றது அச்சம். 1990 இற்குப் பின் யாழ்ப்பாணத்திற்கும் தெற்கிற்குமிடையே தொலைபேசித் தொடர்பில்லாதிருந்த வருடங்களில், கடிதம் ஒன்றே வழியாக இருந்தது. அந்தக் கடிதமும் வாரக் கணக்கில், சிலவேளை மாதக் கணக்கில் தாமதித்தே வந்தது. அக்காலத்தில்தான் நாம் மிக அதிகமாக எழுதியிருக்க வேண்டும். எழுதவும் செய்தோம். ஆனால் என்ன எழுதினோம்? "நாம் இங்கு நலம். அதுபோல் உங்கள் நலத்துக்கும் இறைவனை வேண்டுகிறோம்." இடையில் யார் பிரித்து வாசிப்பார்கள் என்பது தெரியாது. சோதனைச் சாவடியில் பையிலிருந்து எடுக்கப்படும் ஒரு தாளில் உள்ள ஒரு பெயர்கூட வில்லங்கமாகலாம். ஊர்ப்பெயர் எழுதுவதில்லை. இடம்பெயர்ந்த இடத்தை எழுதுவதில்லை. இறந்தவரின் பெயரை எழுதினாலும் இறந்த விதத்தை எழுதுவதில்லை. வந்த கடிதங்களை வாசித்தவுடன் அடுப்பில் வைத்த வீடுகளும் உண்டு. செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் அனுப்பப்பட்ட செய்திப் படிவங்களோ திறந்த மடல்கள். குடும்பச் செய்தியன்றி வேறெதுவும் அவற்றில் எழுத முடியாது என்பது எழுதுபவர்கள் யாவரும் அறிந்த விதி.

பள்ளிக்கூடத்தில் புள்ளிக்காகப் பழகிய வெற்றுச் சொற்கள், போர்க்காலத்தில் பாதுகாப்புக்காகக் கைகொடுத்தன. "நலம்" என்ற சொல்லுக்கு "உயிரோடு இருக்கிறோம்" என்பதே அன்றைய பொருள். கடிதவுறையில் முகவரி எழுதியிருந்த கையெழுத்தைப் பார்த்தே பெற்றவர்கள் அழுதார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்பது இரண்டாம்பட்சம். அந்தச் சொற்களை நான் இழிவாக நினைக்கவில்லை. ஆனால் 2002 இல் ஏ-9 பாதை திறந்தபோதும், 2006 இல் அது மூடுண்டு 2009 இன் பின் மீண்டும் திறந்தபோதும், வாகனங்கள் ஓடத் தொடங்கின. எங்கள் கடிதங்கள் பேசத் தொடங்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் எழுதப் பழகிய கை, சொல்லலாம் என்ற காலம் வந்தபோதும் ஒன்றும் சொல்லாமலேயே இருந்துவிட்டது. இன்று அதே கைதான் ஒவ்வொரு காலையும் வட்ஸ்அப்பில் ரோசாப்பூப் படத்துடன் "இனிய காலை வணக்கம்" அனுப்புகிறது. ஊடகம் புதிது. "நலம், நலமறிய ஆவல்" மட்டும் பழையது.

ஆகவே எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு வருவோம். பத்திரிகையில் பிறர் எழுத்தைத் திருத்தியே காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தென்படும் சிலவற்றைச் சொல்கிறேன். இவை இலக்கண விதிகளல்ல.

முதலாவது, நண்பன் கடைசியாக எழுதியதிலிருந்து தொடங்க வேண்டும். அவன் கடிதத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கு முதலில் பதில் எழுதினால், நலம் விசாரிப்பு தேவைப்படாது. உன் சொல் என்னிடம் வந்து சேர்ந்தது, நான் அதை மறக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று இல்லை. பல வருடங்களாகத் தொடர்பில்லையெனில், கடைசியாக இருவரும் பேசிய விடயம் எதுவோ அதிலிருந்து தொடங்கலாம். "இவ்வளவு காலமும் எழுதாததற்கு மன்னிக்கவும்" என்று ஒரு பக்கம் எழுதுவது வீண். மன்னிப்பதற்கு அவனுக்கும் அதேயளவு காரணம் இருக்கும்.

இரண்டாவது, சிறிய செய்திகளை எழுத வேண்டும். திருமணம், மரணம், வீடு, வேலை ஆகிய பெரிய செய்திகள் எப்படியும் அவனை வந்தடைந்துவிடும். முகநூலில் எல்லாம் பார்க்கிறோமே, எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உள்ளனர். முகநூலில் வருவது நாம் ஊருக்குக் காட்ட விரும்பியது. சந்தியில் இருந்த தேநீர்க் கடையை மூடிவிட்டார்கள் என்பதும், கூடப் படித்த ஒருவனைத் தபாற் கந்தோரில் கண்டு அடையாளம் தெரியாமல் நின்றதும், இரவில் நித்திரை வருவதில்லை என்பதும் அங்கு வருவதில்லை.

மூன்றாவது, மொழி. தமிழில் நட்புக் கடிதம் எழுதுவது பிற மொழிகளை விடக் கடினமாக இருப்பதற்கு ஒரு காரணம், நாம் பேசுவது ஒரு தமிழும் எழுதுவது வேறொரு தமிழுமாக இருப்பதே. இருபது வருடம் "மச்சான்" என்று அழைத்தவனுக்கு "அன்புமிக்க நண்பரே, தங்கள் மடல் கிடைக்கப்பெற்று மட்டற்ற மகிழ்வெய்தினேன்" என்று எழுதினால், கடனாகப் பணம் கேட்கப்போகிறான் என்றுதான் அவன் நினைப்பான். முழுவதையும் பேச்சுத்தமிழில் எழுத வேண்டுமென்பதில்லை. ஆனால் இருவருக்கும் பொதுவான சொற்களை வெளியே நிறுத்திவைத்துவிட்டு எழுத முடியாது. மட்டக்களப்பு நண்பன் "மறுகா" என்று எழுதும் இடத்தில் எனக்கு அவனுடைய குரல் கேட்கிறது. இடைசெவலில் ஒன்றாக வளர்ந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் நண்பர்களாக எழுதிக்கொண்டதை, அழகிரிசாமியின் கடிதங்கள் நூலாக வந்தபின் நாமும் வாசிக்க முடிகிறது. இரண்டு எழுத்தாளர்கள் எழுதியவை என்பதைவிட, ஒரே ஊர்க்காரர் இருவர் இசையையும் இலக்கியத்தையும் பற்றி விட்டுப்போன பேச்சைத் தொடர்கிறார்கள் என்ற எண்ணமே அவற்றை வாசிக்கும்போது வருகிறது.

ஒரு மாதிரி தருகிறேன். யாழ்ப்பாணத்தில் இருப்பவர் புலம்பெயர்ந்த நண்பருக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

"மச்சான், நீ கேட்டதுக்கு முதலிலை பதில் சொல்லிப்போடுறன். அந்தக் கறுத்தக்கொழும்பான் இன்னும் நிக்குது. மதில்பக்கக் கொப்பைத்தான் போன மாதக் காத்து முறிச்சுப்போட்டுது. மிச்சத்தையும் தறிப்பம் எண்டால் அம்மா விடுறா இல்லை. நீ அந்தக் கொப்பிலை இருந்துதான் கணக்குப் பாடமாக்கினனி எண்டு அவவுக்கு இப்பவும் ஞாபகம். எனக்கு முழங்கால் நோ, இனி மரம் ஏற ஏலாது. உனக்கு எப்பிடி? அங்கை படி ஏறக்கை நோகிறேல்லையோ?"

இதில் வருணனை இல்லை, உவமை இல்லை. ஆனால் வேறு எவருக்கும் இதை அனுப்ப முடியாது. எழுதிய கடிதத்தை மடிக்குமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம்: பெயரை மாத்திரம் மாற்றி இன்னொரு நண்பனுக்கு இதை அனுப்பலாமா? அனுப்பலாம் என்றால் அது இன்னும் கடிதமாகவில்லை.

நான்காவது, ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். அதுவும் அவன் ஒருவனால் மட்டுமே பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "எப்படி இருக்கிறாய்?" என்பது கேள்வியல்ல. முழங்கால் பற்றிக் கேட்டதே கேள்வி. பதில் எழுதுவதற்கு ஒரு பிடி கொடுக்காத கடிதத்துக்குப் பதில் வராததில் வியப்பில்லை.

ஐந்தாவதும் கடினமானதும் துயரச் செய்தி. நண்பனின் மனைவியோ பிள்ளையோ இறந்துவிட்டால் என்ன எழுதுவது என்று தெரியாமற் பலர் எழுதாமலேயே விட்டுவிடுகிறார்கள். அல்லது "ஆத்மா சாந்தியடைய" என்று தொடங்கும் ஆயத்த வாசகத்தை அனுப்பிவிடுகிறார்கள். ஆறுதல் சொல்வதற்கு நம்மிடம் சொல் இல்லை என்பது உண்மைதான். அதைத் தேடவும் வேண்டியதில்லை. இறந்தவரைப் பற்றி நமக்குத் தெரிந்த ஒரு நிகழ்ச்சியை, நாம் கண்டபடி எழுதினால் போதும். துயரப்படுபவருக்குத் தத்துவம் புதிதல்ல. தாம் அறியாத ஒரு நிகழ்ச்சி புதிது. இழந்தவரின் வாழ்வில் இன்னும் ஒரு நாளை நாம் அவருக்குக் கொடுக்கிறோம்.

இதை நான் அனுபவத்திலும் அறிந்தேன். என்னுடன் பல்கலைக்கழகத்தில் பயின்ற நண்பர் ஒருவர் தொண்ணூறுகளில் கனடா சென்று, முதல் சில வருடங்கள் தொடர்ந்து எழுதினார். அவர் காலமான பின்னர், அங்கேயே பிறந்து வளர்ந்த மகள் அக்கடிதங்களைப் பற்றிக் கேள்வியுற்று என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்குத் தமிழ் விளங்கும், எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமம். "மாமா, நீங்கள் வாசியுங்கோ, நான் கேட்கிறேன்" என்றாள். பல இரவுகளில் வாசித்தேன். நாட்டு நிலைமை பற்றி அவர் எழுதிய நீண்ட பந்திகளை அவள் மௌனமாகக் கேட்டாள். மீண்டும் வாசிக்கச் சொன்ன இடங்கள் வேறு: இரவு வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றவும் பஞ்சிப்பட்டு அப்படியே உறங்கிவிட்ட ஒரு நாள், ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூள் பொதியைப் பிரிக்காமல் ஒரு வாரம் மணந்துகொண்டே வைத்திருந்தது, முதல் பனியில் வழுக்கி விழுந்தபோது தமிழில் திட்டியது யாருக்கும் விளங்கவில்லை என்ற மகிழ்ச்சி. அவள் அறிந்த தந்தை ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். இருபத்தாறு வயதில் சிரிக்கத் தெரிந்த ஒருவரை அவள் அந்தத் தாள்களிற் கண்டாள். அவர் அவற்றை மகளுக்கென எழுதவில்லை. அப்போது அவள் பிறந்திருக்கவுமில்லை.

கடிதத்தை வைத்திருப்பதும் எழுதுவதைப் போன்றே ஒரு பண்பு. உ.வே. சாமிநாதையர் தமக்கு வந்த ஆயிரக்கணக்கான கடிதங்களைப் பேணிவைத்தார். அதனாற்றான் யாழ்ப்பாணத்து சி.வை. தாமோதரம்பிள்ளை போன்றோரோடு அவருக்கிருந்த தொடர்பின் பல பக்கங்களை நாம் இன்று அறிகிறோம். அச்சத்தால் எரித்த தலைமுறை நாங்கள். இன்று எரிக்கத் தேவையில்லை; கைத்தொலைபேசி பழுதானால் போதும், பத்து வருட நட்பு அதனுடன் போய்விடுகிறது.

மின்னஞ்சலில் எழுதக்கூடாது என்று நான் வாதிடவில்லை. ஒருவருக்கென நேரமெடுத்து எழுதப்பட்டால் மின்னஞ்சலும் கடிதமே. ஐம்பது ரூபா முத்திரை ஒட்டப்பட்டதாலேயே வெற்றுத்தாள் ஒன்று கடிதமாகிவிடுவதுமில்லை. தொலைபேசிப் பேச்சில் நேரம் இருவருக்கும் பொது. ஒருவர் அவசரப்பட்டால் மற்றவரும் அவசரப்பட வேண்டும். கடிதத்தில் எழுதுபவர் தமது நேரத்தில் யோசிக்கிறார், வாசிப்பவர் தமது நேரத்தில் திரும்ப வாசிக்கிறார். நேருக்கு நேர் சொல்லக் கூச்சப்படும் பலவற்றைக் கடிதம் சொல்லிவிடுவது இதனாலேயே.

ஆசிரியர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. பரீட்சைக்கான மாதிரிக் கடிதத்தைப் பழக்குங்கள், அது தேவை. ஆனால் வருடத்தில் ஒரு தடவையாவது மாணவர்களை உண்மையான ஒருவருக்கு எழுதச் சொல்லுங்கள். பாடசாலை மாறிப்போன தோழிக்கோ, வேறு மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்த அயல்வீட்டுப் பையனுக்கோ எழுதட்டும். அதை நீங்கள் வாசிக்க வேண்டாம். புள்ளியிட வேண்டாம். எழுத்துப் பிழையோடு போகட்டும். உறையை ஒட்டி, உப தபாலகத்துக்குக் கூட்டிச் சென்று பெட்டியிற் போடச் செய்யுங்கள். பதில் வரும் நாளில் அந்தப் பிள்ளை கடிதம் என்றால் என்னவென்று அறிந்துகொள்ளும்.

பெரியவர்களுக்குச் சொல்வதற்கும் ஒன்றுண்டு. எங்கள் வயதில் நண்பர்களின் எண்ணிக்கை இனிக் கூடப்போவதில்லை. கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிதறிக்கிடப்பவர்களுள் ஒருவருடைய பெயரை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு முதுமை பற்றியோ நாட்டு அரசியல் பற்றியோ எழுத வேண்டாம். அவர் இருந்த வீட்டு வாசலில் இப்போது என்ன நிற்கிறது என்று எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்.